வாங்கன்னாத்தான் வருவாருங்க

பள்ளிபாளையத்தில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வாசலில், சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் ஒருவர் நிற்பார். அவர் பெண் வீட்டுக்காரரும் இல்லை, மாப்பிள்ளை வீட்டுக்காரரும் இல்லை. பெயர் செந்தமிழன். கடைவீதியில் லுங்கி, துண்டு மொத்த வியாபாரம். பத்திரிகை வைக்கப் போகும்போதே தாம்பாளத்தில் ஒரு வேட்டியையும் சேர்த்து வைத்து, "நீங்கதானுங்க வாசல்ல நிக்கோணும்" என்று கேட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

எல்லாம் அவருடைய "வாங்க"வுக்காகத்தான். நம் பக்கத்தில் விருந்தில் உப்பு குறைந்தால் மன்னித்துவிடுவார்கள், பாயசம் தீர்ந்துபோனால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால், "வாசல்ல நின்னவன் என்னைய ஒரு வார்த்த வாங்கன்னு கேக்கல" என்று ஒருத்தர் கிளம்பிவிட்டால் போச்சு, அதன் பிறகு பேரன் பேத்தி எடுக்கிற காலம் வரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். செந்தமிழன் நிற்கிற வாசலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காரில் வருகிறவருக்கும் ஒரு வாங்கதான், காரை ஓட்டி வந்தவருக்கும் அதே வாங்கதான். இடுப்பில் உட்கார்ந்து வருகிற குழந்தைக்குத் தனியாக ஒரு "வாங்க சாமி".

மண்டபத்தில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம், ஆளே அப்படித்தான். தெருவில் மாடு குறுக்கே நின்றால் "சித்த அக்கட்டத் தள்ளிக்குங்க" என்பார். அவர் மனைவி அங்கம்மாள் இதைப் பற்றி ஒரு கதை சொல்வாள். "கண்ணாலமான புதுசுல என்னையும் வாங்க போங்கன்னாருங்க. எங்கம்மா பயந்தே போயிட்டாங்க, மாப்பளைக்கு நம்ம புள்ளையப் புடிக்கலையாட்ட இருக்குது, வெளியாளக் கூப்படறாப்பல கூப்படறாருன்னு." அம்மாவின் பயம் ஒரு வருஷத்தில் தெளிந்தது. ஆனால் அவருடைய "ங்க" மட்டும் போகவில்லை.

இந்த ஆளிடம்தான் மோனிஷா ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டாள்.

மோனிஷா அவருடைய தங்கை மகள். சேலத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறாள். ஆபீஸ் வேலை போக மிச்ச நேரமெல்லாம் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு நாய்க் காப்பகத்தில்தான் கிடப்பாள். அங்கம்மாள் மகளின் இரண்டாவது பிரசவத்துக்குத் திருப்பூர் போயிருக்கிறாள் என்று தெரிந்ததும் போன் போட்டாள்.

"மாமா, தனியாவா இருக்கீங்க? ஒரு தொணைக்கு ஆள் அனுப்பட்டுமா? அத்தை வர்ற வரைக்கும்தான்."

"அனுப்புங்க சாமி. தாராளமா வரச் சொல்லுங்க."

என்ன துணை, எப்படிப்பட்ட ஆள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்கு யாரோ வருகிறார்கள் என்ற சந்தோஷம் அவருக்கு. மறுநாள் காலையில் துணை காரில் வந்து இறங்கியது. செவலை நிறம், எலும்பெடுத்த உடம்பு, ஒரு காதில் பாதி இல்லை. பெயர் டைகர். வீட்டுக்குள் வந்ததும் அந்தப் புலி செய்த முதல் காரியம், நேராகக் கட்டிலுக்கடியில் புகுந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டதுதான்.

மோனிஷா அதன் கதையைச் சொன்னாள். ஒரு லாரி ஷெட்டில் கட்டிக்கிடந்த நாய். கட்டி வைத்திருந்தவன் குடித்துவிட்டு வந்து "வாடா இங்க" என்று கூப்பிடுவானாம். வாலை ஆட்டிக்கொண்டு போனால் அடிப்பானாம். காப்பகத்துக்கு வந்த பிறகு இரண்டு வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பேருமே, "இது கூப்பிட்டா வரமாட்டேங்குது, மூலையவே கட்டிக்கிட்டு அழுவுது" என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

"இப்ப சேலத்துல ஒரு மாஸ்டர் வீட்டுல கேட்டிருக்காங்க மாமா. ரொம்ப நல்லவங்க. ஞாயித்துக்கிழமை அவங்களை இங்க கூட்டிட்டு வர்றேன். அதுக்குள்ள இது ஒரு வீட்டுல இருந்து பழகி, கூப்பிட்டா வரணும். இந்தத் தடவையும் வேண்டாம்னுட்டாங்கன்னா அப்புறம் இதை யாரும் கேக்க மாட்டாங்க. சாகற வரைக்கும் கூண்டுதான்."

செந்தமிழன் குனிந்து கட்டிலுக்கடியில் ஒரு தடவை பார்த்தார். "நான் பாத்துக்கறேனுங்க சாமி" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு மாமா. நாய்கிட்ட சுருக்கமாப் பேசணும். வா, உக்காரு, சாப்பிடு. அவ்வளவுதான். உங்க பாணியில இழுத்தா அதுக்குப் புரியாது. தயவுசெஞ்சு அந்த 'ங்க'வை மட்டும் விட்டுருங்க."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். சொன்னபடி செய்வது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவருக்குத்தானே தெரியும். அறுபதை நெருங்குகிற மனிதர், கட்டில் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "டைகர், வா" என்றார். சொன்ன கையோடு கெட்ட வார்த்தை பேசியவர் மாதிரி வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். கட்டிலுக்கடியில் நாய் நடுங்கிற்று. இன்னொரு தடவை, கொஞ்சம் தெம்பாக, "வா" என்றார். அது இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. "ஐயோ, மன்னிச்சுக்குங்க" என்று இவர் எழுந்து துடைப்பத்தைத் தேடிப் போனார்.

இப்படியே சில நாட்கள் ஓடின. வைத்த சோறு அவர் அந்தப் பக்கம் போன பிறகுதான் காலியாகும். செந்தமிழனுக்கு நாய் மேல் பாவமாக இருந்தது உண்மைதான். அதோடு, வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு மானப் பிரச்சினையும் இருந்தது. எத்தனை ஆயிரம் பேரை வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார்! முறைத்துக்கொண்டு போன பங்காளிகள்கூட அவர் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவரிடம் ஒரு நாய் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கிடந்தால் மனசு கேட்குமா?

ஒரு நாள் காலை நூல் புரோக்கர் ஆனந்தகுமார் வாசலில் வண்டியை நிறுத்தினார். செந்தமிழன் பழக்கதோஷத்தில், வாய் நிறைய, "வாங்க வாங்க! உள்ள வாங்க, உக்காருங்க" என்றார்.

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு செவலை மூக்கு வெளியே வந்தது. பிறகு தலை. பிறகு முழு நாயும் தவழ்ந்து வந்து, வாலைக் கொஞ்சமாக ஆட்டி, செந்தமிழன் காலடியில் உட்கார்ந்தது. ஆனந்தகுமார் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏனுங்க, நாயெல்லாம் வளக்கறீங்களா?" என்று அவர் கேட்டார்.

"பேசாதீங்க" என்றார் செந்தமிழன் கிசுகிசுவென்று. "நீங்க கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க. தயவுசெஞ்சு போயிராதீங்க."

அப்படியே நிற்க வைத்து, நாயைப் பார்த்து, "சாப்டறீங்களா? மோர் சோறு சாப்டறீங்களா சாமி?" என்று கேட்டார். நாய் வாலை இன்னும் கொஞ்சம் ஆட்டியது. தட்டை வைத்து, "சாப்டுங்க" என்றார். அவர் எதிரிலேயே சாப்பிட்டது. ஆனந்தகுமாருக்கு அன்றைக்கு ஒரு காபிகூடக் கிடைக்கவில்லை. சாப்பிடுங்க சாப்பிடுங்க என்று உபசாரம் நடக்கிறது, தட்டு நாய்க்குப் போகிறது என்றால் எந்த மனிதருக்குத்தான் பொறுக்கும்? அவர் கொஞ்சம் கோபமாகத்தான் போனார்.

யோசித்துப் பார்த்தபோது செந்தமிழனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்த நாயைக் கூப்பிட்டு அடித்தவன் "வா"தான் சொல்லியிருக்கிறான். அடிக்கிறவன் எவனாவது வாங்க என்று கூப்பிடுவானா? இந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் மட்டும் அதற்கு அடி விழுந்ததே இல்லை. நினைக்க நினைக்க அவருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே உங்கள ஆரும் வான்னு கூப்பட மாட்டாங்க சாமி" என்று நாய்க்கு வாக்குக் கொடுத்தார்.

அதிலிருந்து வீட்டில் ராஜ உபசாரம்தான். "எந்திரிங்க, வெடிஞ்சுபோச்சு." "வாங்க, வெளிய ஒரு நட நடந்துட்டு வருவோம்." "முட்டை வேகுதுங்க, சித்த பொறுங்க." நாயும் பழகிக்கொண்டது, சாப்டுங்க என்று சொல்லும் வரை தட்டில் வாய் வைக்காது. ஒரே ஒரு சங்கடம். வீட்டுக்கு வந்தவரை வாங்க, உக்காருங்க என்றால் வந்தவருக்கு முன்னால் இது போய் உட்கார்ந்துகொள்ளும். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், சிலிண்டரைத் தோளிலேயே வைத்துக்கொண்டு இந்த மரியாதையைப் பார்த்தார்.

திருப்பூரில் இருந்த அங்கம்மாளுக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்கு வீசிங். பஞ்சுத் தூசியில் ஆரம்பித்த தொந்தரவு, பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் நடந்தாலே இங்கே இன்ஹேலரைத் தேட வேண்டியிருக்கும். வீட்டில் நாய் என்று தெரிந்தால் கவலைப்படுவாள் என்று செந்தமிழன் சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் போனைச் சற்றே விலக்கி, "நீங்க சாப்டுங்க சாமி, நான் பேசிப்போட்டு வாரேன்" என்றது அவள் காதில் விழுந்துவிட்டது.

"ஏனுங்க, ஆரு வந்திருக்கறாங்க?"

"ஆருமில்லீங்க. மோனிஷா ஒருத்தர அனுப்பிச்சுது. உங்க ஊட்டுல கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்னு."

"கொஞ்ச நாளைக்குங்களா? எங்கீங்க படுக்கறாங்க?"

செந்தமிழனுக்குப் பொய் சொல்ல வராது. "கட்டலுக்கடியிலீங்க" என்றார்.

அங்கம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏனுங்க, உங்களுக்கு என்ன வந்துச்சு? ஊட்டுக்கு வந்தவங்களக் கட்டலுக்கடியிலயா படுக்க வெப்பாங்க? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னுங்க ஆவறது? நானும் ஊட்டுல இல்ல, ஒரு வார்த்த வாங்கன்னுகூடக் கேக்கல. மொதல்ல போன அவங்ககிட்டக் குடுங்க."

வேறு வழி தெரியாமல் அவர் போனை நாயின் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து அங்கம்மாளின் குரல் பணிவாக வந்தது. "வாங்க. நல்லாருக்கறீங்களா? ஊட்டுல அல்லாரும் சௌரியமா இருக்கறாங்களா? எங்க ஊட்டுக்காரரு ஒண்ணும் தெரியாதவரு, தப்பா நெனச்சுக்காதீங்க."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் குரைக்காத டைகர், போனுக்குள்ளிருந்து வாங்க என்று கேட்டதும் முதல் தடவையாக "வவ்" என்றது.

நலம் விசாரிப்பு அத்தோடு நின்றது. பிறகு அங்கம்மாள் சன்னமாகக் கேட்டாள். "ஏனுங்க, நாயிங்களா?"

"ஆமாங்க."

அதற்குப் பிறகு நடந்த பேச்சில் பெரும்பகுதி அங்கம்மாளுடையது. ஒரு ஊருக்கே கேட்கிற மாதிரி பேசித் தீர்த்தாள். கடைசியில், "நான் மகளையும் கொழந்தையையும் கூட்டிக்கிட்டு வாரதுக்குள்ள அவியள ஒரு நல்ல எடமாப் பாத்து அனுப்பிப்போட்டு ஊட்டக் கழுவி உட்ருங்க. எனக்கு மூச்சுப் புடிச்சுக்கிட்டா பச்சப்புள்ளக்காரிகூட ஆரு நிப்பாங்க?" என்றாள். போனை வைக்கப் போனவள், "வெயிலா இருக்குது, தண்ணி கிண்ணி வெச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நாயை வைத்துக்கொள்ள முடியாது. அது செந்தமிழனுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் என்ன, சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வரும்போது வாசல் கம்பிக்குப் பின்னால் அந்தப் பாதிக் காது ஆடுவதைப் பார்த்தால் அவருக்கு நடை வேகமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. மாஸ்டருக்கு நாயைப் பிடிக்காமல் போனால் அதற்குக் கூண்டு. பிடித்துப்போனால் இவருக்கு வீடு வெறிச்சென்று ஆகும். ஆனாலும் பிடிக்கவேண்டுமே என்றுதான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மோனிஷா தன் காரிலும், மாஸ்டர் குடும்பம் அவர்கள் காரிலுமாக வந்து இறங்கினார்கள். மாஸ்டர் பெயர் ஜெரால்ட். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், மைக் தேவைப்படாத குரல். அவர் மனைவி ஆன்சி, சிரித்த முகம். அவர்கள் வளர்த்த கிழட்டு நாய் போன வருஷம் இறந்துபோனதிலிருந்து வீடு வீடாகவே இல்லை என்று ஆன்சி வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"வாங்க வாங்க. உள்ள வாங்க, உக்காருங்க" என்றார் செந்தமிழன்.

டைகர் முதலில் வந்து உட்கார்ந்தது. ஆன்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாருங்க, நம்மளைப் பாத்ததும் வந்துருச்சு" என்றாள்.

ஜெரால்ட் குனிந்து, அவர் பங்குக்கு ஆசையாகத்தான் கூப்பிட்டார். "டைகர்! கம்! வாடா கண்ணா, வா!"

கண்ணா என்றது அதன் காதில் ஏறவில்லை. "வாடா" ஏறிவிட்டது. அடுத்த நொடி நாயைக் காணோம், கட்டிலுக்கடியிலிருந்து முனகல் மட்டும் கேட்டது. ஜெரால்ட் முழங்காலிட்டு எட்டிப் பார்த்து மறுபடி கூப்பிட, முனகல் அழுகையானது. அவர் எழுந்து நின்றபோது முகம் வாடியிருந்தது. "என்னைக் கண்டா இவ்வளவு பயமா? வேண்டாம்மா. வாயில்லா ஜீவனை நம்ம கொடுமைப்படுத்தக்கூடாது. கிளம்பலாம்" என்றார்.

மோனிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செந்தமிழன் சட்டென்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார். விருந்தாளியை மறித்து நிற்பது அவருக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"கோவிச்சுக்காதீங்க. தப்பு உங்க மேல இல்லீங்க. அவர வாங்கன்னு கூப்படோணும். வாங்கன்னாத்தான் வருவாருங்க."

"யாரை?"

"இவரத்தானுங்க" என்று கட்டிலைக் காட்டினார்.

ஜெரால்ட் திருதிருவென்று விழித்தார். மோனிஷா விஷயத்தை விளக்கினாள். கேட்டுவிட்டு அவர், "சார், நான் கிரவுண்டுலயே நின்னு பழகினவன். எங்க கரெஸ்பாண்டன்ட் ஃபாதரைத் தவிர யாரையும் வாங்கன்னு கூப்பிட்டதில்லை" என்றார்.

"என்னையே கூப்பிட்டதில்லை" என்றாள் ஆன்சி.

இருந்தாலும் முயற்சி செய்தார். மூச்சை இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, "வாங்-க!" என்றார். லெஃப்ட்-ரைட் சொல்கிற அதே குரல். நாய் அசையவில்லை. சமையலறையில் டம்ளர் ஒன்று அதிர்ந்தது. குரலைத் தாழ்த்தி இன்னொரு முறை சொன்னார். அது மிரட்டல் மாதிரி இருந்தது. "வார்த்த சரியாத்தானுங்க இருக்குது" என்று செந்தமிழன் தலையைச் சொறிந்தார். "வரோணும்னு உங்களுக்கு ஆசை இருக்கறது அதுல தெரிய மாட்டேங்குது."

அவருக்கு அப்போதுதான் நேரம் நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அடுத்த தெரு மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. வாசலில் நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். போகாமல் இருக்க முடியாது. இவர்களை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஜெரால்டின் கையைப் பிடித்தார். "எங்கூட வாங்க. கொஞ்ச நேரந்தானுங்க."

"எங்க?" என்றார் ஜெரால்ட்.

"போங்களேன், கூப்பிடறாருல்ல" என்று ஆன்சி அவரைத் தள்ளிவிட்டாள்.

இப்படித்தான் சேலத்து டிரில் மாஸ்டர், பள்ளிபாளையத்தில், முன்பின் தெரியாத ஒரு கல்யாணத்தில், கையில் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றார். முதலில் வந்த குடும்பத்தைப் பார்த்து அவர் போட்ட "வாங்-க"வில் ஒரு பையன் விறைப்பாக அட்டென்ஷனில் நின்றுவிட்டான். செந்தமிழன் பக்கத்திலிருந்து காதோடு, "மொகத்தப் பாத்துச் சொல்லுங்க, மேல பாக்காதீங்க" என்றார். கூட்டம் வரவர, ஜெரால்டுக்குக் கத்துவதற்குத் தெம்பு குறைந்தது. வந்தவர்களோ, இவர் யாரென்று கேட்காமல், "வாரோமுங்க, வாரோமுங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு வயசான அம்மா அவருடைய பெரிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மாப்பளைக்கு அப்பாருங்களா? உங்க கொரலக் கேட்டதுமே வவுறு நெறஞ்சுபோச்சு. நல்லாருக்கோணும் சாமி" என்றாள். ஜெரால்டை வாழ்நாளில் யாரும் சாமி என்று கூப்பிட்டதில்லை. அவர் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகப் பந்தி வரைக்கும் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வந்தார். பொழுது சாயும்போது, "சாப்பிட்டுத்தான் போகணுங்க, அப்படியே ஓடிடக்கூடாது" என்று அவராகவே ஒரு லாரிக்காரரை மடக்கிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியபோது அவருக்குக் கால் கடுப்பு. நாற்காலி வரைக்கும்கூடப் போகவில்லை, வாசல் நடைக்கு உள்ளேயே தரையில் சரிந்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். நாயைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. ஆன்சி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்து, "நீங்களும் நின்னுக்கிட்டே இருக்கீங்களே. வாங்க, இப்படி வந்து உக்காருங்க" என்றார்.

ஆன்சி திகைத்து நின்றுவிட்டாள். அவள் உட்காருவதற்கு முன்னால் கட்டிலுக்கடியிலிருந்து டைகர் வந்து ஜெரால்டின் பக்கத்தில் உட்கார்ந்தது. அது அவர் கையில் இருந்த சந்தன வாசனையை மோந்து பார்த்தது. பிறகு முகவாயை அவர் முழங்காலில் வைத்தது. அந்த ஆறடி மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "வந்துட்டீங்களா? வந்துட்டீங்களா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

அப்புறம் என்ன, தட்டு, கயிறு, மிச்சமிருந்த முட்டை எல்லாம் காரில் ஏறின. ஆன்சி பின்சீட்டில் உட்கார்ந்து, டைகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். செந்தமிழன் வாசலில் நின்று கும்பிட்டு, எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார்.

"போயிட்டு வாங்க."

டைகர் ஜன்னல் வழியாகக் குதித்து அவர் காலடியில் வந்து உட்கார்ந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். தூக்கி மறுபடி காரில் விட்டார்கள். "மாமா, இப்ப நீங்க பேசாதீங்க" என்றாள் மோனிஷா. அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆனால் ஜெரால்ட் வண்டியை எடுத்துக்கொண்டே, "வர்றோங்க" என்று புதுப் பழக்கத்தில் கும்பிட்டபோது, வாய் சும்மா இருக்குமா? "வாங்க" என்று வந்துவிட்டது. நாய் மறுபடியும் கீழே குதித்தது. இந்தத் தடவை கால் பிசகி, நொண்டிக்கொண்டே அவரிடம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கண்ணாடியை ஏற்றிக் கூட்டிப்போகலாம் என்று ஜெரால்ட் சொன்னார். ஏற்றினார்கள். உள்ளே அது கண்ணாடியைப் பிராண்டியது. மத்தியானம் கட்டிலுக்கடியில் எப்படி அழுததோ அப்படி அழுதது. இந்த அழுகையோடு போனால் புது வீட்டில் கட்டிலைத் தேடும். அங்கிருந்து கூண்டு எவ்வளவு தூரம் என்று செந்தமிழனுக்குத் தெரியும். கண்ணாடியை இறக்கச் சொன்னார். கிட்டே போய், அதன் பாதிக் காதைத் தடவிக்கொடுத்தார். அது அவர் முகத்தையே பார்த்தது. அவர் சொன்னால் கேட்கும், வேறு யார் சொன்னாலும் கேட்காது.

நம் பக்கத்தில் ஒருத்தரை வழியனுப்பும்போது போங்க என்று சொல்கிற வழக்கமே இல்லை. சாவு வீட்டில்தான் சொல்லாமல் போவார்கள், பகையாளியைத்தான் போ என்பார்கள். மற்ற யாராக இருந்தாலும் போயிட்டு வாங்கதான். செந்தமிழன் வாயில் அந்த ஒற்றை வார்த்தை ஒரு மனிதருக்கும் வந்ததில்லை.

"போங்க" என்றார். குரல் வெளியே வரவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, "போங்க சாமி, போங்க" என்றார்.

டைகருக்கு அது புரிந்ததோ என்னவோ, அழுகையை நிறுத்தியது. கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு ஆன்சியின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கார் தெருமுனை திரும்பிப் போயிற்று. பின்னாலேயே மோனிஷாவின் காரும் போயிற்று.

கார் கிளம்பும் நேரத்தில்தான் எதிர்வீட்டு மாரியாயி கதவைச் சாத்த வாசலுக்கு வந்திருந்தாள். இருட்டில் காருக்குள் யார் யார் இருந்தார்கள் என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. காதில் விழுந்ததுதான் அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

"ஏனுங்க, உங்க வாயில போங்கன்னு ஒரு வார்த்த வந்து நாங் கேட்டதேயில்லீங்களே. அவிய அப்படி என்னுங்க தப்புப் பண்ணிப்போட்டாங்க?"

"ஒரு தப்பும் பண்ணலீங்க" என்றார் செந்தமிழன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "திரும்பி வந்தரக் கூடாதுங்க. அதுக்குத்தானுங்க."